மனநல வார்டில் சிக்கலான நடத்தைகளைக் குறைப்பது எப்படி: செவிலியர்களுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் ஒரு வழிகாட்டி

மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒருவர் ஓயாமல் கூச்சலிடுகிறார், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை அடிக்கிறார், குளிக்க மறுக்கிறார், ஆடையைக் களைந்து எறிகிறார் என்றால், அதை நோயின் அறிகுறி என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு மருந்தின் அளவைக் கூட்டுவதுதான் பெரும்பாலான வார்டுகளில் நடக்கிறது. பல நேரங்களில் அது சரியான முடிவாகவும் இருக்கும். ஆனால் மருந்து தன் வேலையைச் செய்து, மாயக்குரல்களும் சந்தேக எண்ணங்களும் அடங்கிய பிறகும் அதே கூச்சலும் அடிதடியும் நீடிக்கும்போது, அந்த நடத்தையால் நோயாளிக்கு வார்டில் என்ன கிடைக்கிறது, எதிலிருந்து அவர் தப்பிக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நடத்தைச் சிகிச்சை தொடங்குவது அந்தக் கேள்வியிலிருந்துதான். அதற்கான விடை பெரும்பாலும் டாக்டரின் ரவுண்ட்ஸ் நேரத்தில் கிடைப்பதில்லை. மூன்று ஷிப்டிலும் நோயாளியோடு இருக்கும் செவிலியர்களிடமும் உதவியாளர்களிடமும்தான் இருக்கிறது.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், வேபர்ன் என்னும் ஊரில் இருந்த மனநல மருத்துவமனையில் டியோடோரோ ஐலான், ஜாக் மைக்கேல் என்ற இரு உளவியலாளர்கள் செய்து 1959-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் ஆரம்ப ஆய்வுகளில் வைத்து எண்ணப்படுவது. அங்கே ஒரு பெண் நோயாளி செவிலியர் அறைக்குள் நாளொன்றுக்குச் சராசரியாக 16 முறை நுழைந்துகொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாக அவரைத் திட்டினார்கள், பிடித்து வெளியே தள்ளினார்கள், புரிந்துகொள்ளும் அறிவு அவருக்கு இல்லை என்று முடிவுகட்டி அலுத்தும் போனார்கள். அவர் உள்ளே வந்தால் எவ்விதக் கவனமும் தர வேண்டாம் என்று மட்டும் ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஏழாவது வாரத்துக்குள் அந்த 16 என்பது இரண்டாகக் குறைந்தது. நாம் தண்டனை என்று நினைத்துச் செய்யும் திட்டும் தள்ளலும், நாள் முழுவதும் யாருமே பேசாத ஒருவருக்குப் பரிசாகவே அமைந்துவிடலாம் என்பதை இந்தச் சிறிய ஆய்வு காட்டியது. இதே ஆய்வை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, ‘கண்டுகொள்ளாமல் விட்டால் போதும்’ என்று எல்லாவற்றுக்கும் மருந்தாகப் பயன்படுத்துவதும் இன்றுவரை நடக்கிறது. அது ஏன் ஆபத்தானது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் உடலைப் பாருங்கள்

நடத்தைத் திட்டம் எதையும் எழுதுவதற்கு முன்பு, உடல் சார்ந்த காரணங்கள் இல்லை என்று டியூட்டி டாக்டரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைச் சடங்காகச் செய்யக் கூடாது. மனநோய்க்கான மருந்துகள் சிலருக்கு அகதீசியா என்னும் தாங்க முடியாத உள்ளமைதியின்மையை உண்டாக்கும். அவர்களால் உட்கார இயலாது, நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைப்பார்கள், வராந்தாவில் ஓயாமல் நடப்பார்கள், தடுத்தால் கோபப்படுவார்கள். இதை நோயின் கொந்தளிப்பு என்று தவறாக எண்ணி அதே மருந்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். குடிப்பழக்கம் உள்ளவர் சேர்க்கப்பட்ட இரண்டு மூன்று நாள்களில் திடீரெனக் குழம்பி, நடுங்கி, இல்லாததைப் பார்த்து அலறினால் அது குடியை நிறுத்தியதால் வரும் அவசர நிலை. அங்கே நடத்தைச் சிகிச்சைக்கு வேலையே இல்லை. முதியவர் ஒருவர் ஒரே நாளில் தலைகீழாக மாறினால் சிறுநீர்த் தொற்று, ரத்தச் சர்க்கரைக் குறைவு, தலையில் அடி ஆகியவற்றைத் தேட வேண்டும். குளோசபின் என்னும் மனநோய் மருந்தை எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போகக்கூடும் என்பதால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுபவரை ‘அடம்’ என்று எழுதிவிடக் கூடாது. ஆடையைக் களைபவருக்குச் சிரங்கு இருக்கலாம். தலையை மோதிக்கொள்பவருக்குப் பல்வலியோ காதுவலியோ இருக்கலாம். வலியைச் சொல்லத் தெரியாத, பேச்சு குறைந்த நோயாளிகள் விஷயத்தில் இந்தச் சோதனைக்கு இரட்டிப்புக் கவனம் தேவை.

நடத்தையைக் கண்ணால் பார்த்தபடி எழுதுங்கள்

‘நோயாளி அடங்காமல் இருந்தார்’, ‘வேண்டுமென்றே செய்கிறார்’, ‘நடிக்கிறார்’ என்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் போட முடியாது. இரண்டு ஊழியர்கள் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே மாதிரி எண்ணக்கூடியபடி நடத்தையை விவரிக்க வேண்டும். ‘மூன்று மீட்டர் தொலைவில் இருப்பவருக்கும் தெளிவாகக் கேட்கும் சத்தத்தில் கத்துதல், ஒரு நிமிடமாவது நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினால் அது புதிய நிகழ்வு’ என்பது எண்ணக்கூடிய விவரிப்பு. ‘கையாலோ பொருளாலோ இன்னொருவர் உடலைத் தொடும்படி அடித்தல், அடிக்க ஓங்குதல்’ என்பதும் அப்படியே. ஒரு நோயாளிக்கு ஒரே சமயத்தில் ஒன்று அல்லது இரண்டு நடத்தைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நடத்தைகளைப் பட்டியலிட்டுத் தொடங்கும் திட்டத்தில் எதையும் யாரும் எண்ண மாட்டார்கள்.

அடுத்து ஒரு சாதாரண நோட்டில் கோடு போட்டு, நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, நோயாளி என்ன செய்தார், அதன் பின் யார் என்ன செய்தார்கள் என்று நான்கு பத்திகள் ஒதுக்குங்கள். நான்காவது பத்திதான் உயிர்நாடி; அதைத்தான் எழுத ஊழியர்கள் தயங்குவார்கள், ஏனென்றால் அதில் எழுதப்படுவது அவர்கள் செய்தது. ‘உதவியாளர் ஓடிவந்து சமாதானப்படுத்தினார், டீ வாங்கிக் கொடுத்தார்’, ‘குளியல் ஒத்திவைக்கப்பட்டது’, ‘டியூட்டி டாக்டர் அழைக்கப்பட்டார், ஊசி போடப்பட்டது’ என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் யாரையும் குறை சொல்ல மாட்டோம் என்ற உறுதியைப் பொறுப்புச் செவிலியர் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அவசரம் இல்லாத நிலையில், எதையும் மாற்றாமல் ஏறத்தாழ ஒரு வாரம் மூன்று ஷிப்டிலும் இப்படி எழுதி, நாளுக்கு எத்தனை என்பதை ஒரு வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். பின்னால் வரும் முன்னேற்றமோ பின்னடைவோ தெரிய இந்தத் தொடக்கக் கணக்கு இல்லாமல் முடியாது. வார்டில் நினைவை நம்பக் கூடாது. நேற்று இரவு நடந்த ஒரு பெரிய சண்டை, அதற்கு முந்தைய ஐந்து அமைதியான நாள்களை மறக்கடித்துவிடும்.

வன்முறை அபாயம் உள்ள வார்டில் இதோடு நார்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளலாம். குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாய்மிரட்டல், உடலால் மிரட்டுதல், பொருள்களைத் தாக்குதல் என்ற ஆறும் இருக்கின்றனவா இல்லையா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் குறித்து, ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் வீதம் கூட்டினால் போதும். மூன்றும் அதற்கு மேலும் வந்தால், அடுத்த 24 மணி நேரத்தில் தாக்குதல் நடக்கும் வாய்ப்பு அதிகம் என்று கொண்டு முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்.

எதற்காக என்று கண்டுபிடியுங்கள்

ஒரு வாரக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, குழுவாக உட்கார்ந்து படியுங்கள். ஒரே மாதிரி தோன்றும் நடத்தைக்குப் பின்னால் நான்கு வகைக் காரணங்கள் இருக்கலாம் என்பதை 1980-களில் பிரையன் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் சுயகாயம் பற்றிச் செய்த ஆய்வுகளும் அவற்றைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளும் வகுத்துக் காட்டின. மற்றவர் கவனம் கிடைப்பது, விரும்பாத ஒன்றிலிருந்து தப்பிப்பது, ஒரு பொருளோ வாய்ப்போ கிடைப்பது, அந்தச் செயலே உடலுக்குத் தரும் உணர்வு என்பவை அந்த நான்கு.

மூன்று நோயாளிகள் உணவுத் தட்டை வீசுவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் வீசுவது செவிலியர்கள் எல்லோரும் மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும். வீசியவுடன் இருவர் ஓடிவருகிறார்கள். இரண்டாமவர் வீசுவது நெரிசலான சாப்பாட்டுக் கூடத்தில். வீசியதும் அவரை அறைக்கு அழைத்துப்போய்விடுகிறார்கள், அங்கே அமைதியாகிவிடுகிறார். மூன்றாமவர் வீசுவது உப்புமா வரும் நாள்களில். வீசினால் கேன்டீனிலிருந்து இட்லி வருகிறது. மூவருக்கும் ‘ஆக்ரோஷம்’ என்று ஒரே சொல்லை எழுதி ஒரே ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால் மூவரும் மாற மாட்டார்கள். முதலாமவரைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பலன் கிடைக்கலாம். இரண்டாமவரை அறைக்கு அனுப்பினால், அவர் எதிர்பார்த்ததையே நாம் கொடுக்கிறோம். நடத்தைச் சிகிச்சையில் நடக்கும் தவறுகளில் பாதி, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் முறையைத் தேர்ந்தெடுப்பதால் வருபவை என்பது என் கருத்து.

மாயக்குரலின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தோ, உணவில் விஷம் கலந்திருக்கிறது என்ற உறுதியான நம்பிக்கையாலோ தட்டை வீசும் நாலாவது ஆளும் வார்டில் இருப்பார். அவருக்கு முதல் தேவை சரியான மருந்துதான். மூடிய பொட்டலமாக வரும் உணவு, தட்டைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு போன்றவை துணைக்கு நிற்கும். பிரமையோடு வாதாட வேண்டாம், அதை ஆமோதிக்கவும் வேண்டாம். ‘உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது’ என்ற அளவில் பதில் சொன்னால் போதும்.

முன்சூழலை மாற்றினால் பாதி வேலை முடியும்

குறிப்பு நோட்டில் நேரப் பத்தியை மேலிருந்து கீழாகப் பார்த்தால், பெரும்பாலான வார்டுகளில் நிகழ்வுகள் சில இடங்களில் குவிந்திருப்பது தெரியும்: மருந்துக்கு வரிசையில் நிற்கும் நேரம், குளிக்க எழுப்பும் நேரம், பார்வையாளர் கிளம்பிப்போன பின், செய்வதற்கு ஒன்றுமே இல்லாத நீண்ட பிற்பகல். இவற்றை மாற்ற யாருடைய மனத்தையும் மாற்ற வேண்டியதில்லை. வரிசையை ஐந்து ஐந்து பேராகப் பிரிக்கலாம். ‘வாங்க, குளிக்கணும்’ என்று கட்டளையிடுவதற்குப் பதிலாக, ‘டிபனுக்கு முன்னாடி குளிக்கிறீங்களா, பின்னாடியா?’ என்று தேர்வைக் கொடுக்கலாம். வெந்நீர் தீர்ந்துபோகும் நேரத்தில் கடைசியாக அழைக்கப்படுபவர்தான் தினமும் குளியலுக்கு மறுக்கிறார் என்றால், குறை நோயாளியிடம் இல்லை. பிற்பகலில் கேரம் போர்டு, பத்திரிகை வாசிப்பு, கூர்மையான கருவி தேவைப்படாத சிறு வேலைகள், தோட்டத்தில் நடை என்று ஏதாவது ஒன்றை நேரம் குறித்து நடத்துங்கள். பிற்பகல் நிகழ்வுகள் குறைகின்றனவா என்று வரைபடத்தில் பாருங்கள்.

லண்டனில் லென் பவர்ஸ் குழுவினர் உருவாக்கிய ‘சேஃப்வார்ட்ஸ்’ முறை பெரும்பாலும் இப்படிப்பட்ட எளிய மாற்றங்களால் ஆனது: ஒருவருக்கொருவர் எதிர்பார்ப்பதைத் தெளிவாகச் சொல்வது, கெட்ட செய்தியைச் சொல்லும் முன்பே ஆறுதலுக்கு ஆயத்தமாவது, ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நல்லதாக ஒன்றைச் சொல்வது. 31 வார்டுகளில் நடத்தி 2015-இல் வெளியிடப்பட்ட சோதனையில் மோதல் நிகழ்வுகள் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் ஏறத்தாழ 26 சதவீதமும் குறைந்தன.

எடுப்பதற்கு முன் கொடுங்கள்

சிக்கலான நடத்தைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த பலனை நிறுத்தும் முன்பு, அதே பலன் வேறு நல்ல வழியில் கிடைக்கும்படி செய்துவிட வேண்டும். கவனத்துக்காகக் கத்துபவருக்கு, கத்தாமலேயே கவனம் கிடைக்க வேண்டும். தப்பிப்பதற்காக அடிப்பவருக்கு, ‘இப்போ வேண்டாம், பத்து நிமிஷம் கழிச்சு’ என்று சொன்னாலே தப்பிக்க முடிய வேண்டும். பேச்சு வராதவருக்குக் கையை உயர்த்துவதோ ஓர் அட்டையைக் காட்டுவதோ போதும். அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்த ஆரம்ப நாள்களில் கேட்ட ஒவ்வொரு முறையும் கொடுத்தே ஆக வேண்டும். ‘கேட்கப் பழகினால் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்’ என்று ஊழியர்கள் சொல்வார்கள். ஆம், சில நாள்கள் அப்படித்தான் இருக்கும். அடிபடுவதைவிட அது நல்லது. காத்திருக்கும் நேரத்தைப் பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம்.

நடத்தை நிகழாத இடைவெளிக்குப் பரிசளிப்பது வார்டில் எளிதாகச் செய்யக்கூடிய மற்றொரு முறை. கணக்கு இப்படிப் போக வேண்டும்: காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான ஆறு மணி நேரத்தில் ஒருவர் சராசரியாக 12 முறை கத்துகிறார் என்றால், ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு முறை. தொடக்க இடைவெளியை அதைவிடக் குறைவாக, 20 நிமிடம் என்று வையுங்கள். 20 நிமிடம் கத்தாமல் இருந்தால், குறிக்கப்பட்ட ஊழியர் அவரிடம் போய், பெயர் சொல்லி அழைத்து, இரண்டு நிமிடம் அவருக்குப் பிடித்ததைப் பற்றிப் பேச வேண்டும். கத்தினால் கடிகாரம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வேறொன்றும் சொல்ல வேண்டாம். மூன்று நான்கு நாள்கள் பெரும்பாலான இடைவெளிகள் வெற்றியாக முடிந்தால் 30 நிமிடம், பிறகு 45 என்று நீட்டலாம். ‘இதற்கெல்லாம் நேரம் எங்கே?’ என்ற கேள்வி நியாயமானது. ஆறு மணி நேரத்தில் 18 இடைவெளிகள். இரண்டு நிமிடம் வீதம் 36 நிமிடம். பன்னிரண்டு கூச்சல்களை அடக்கத் தலா ஐந்து நிமிடம் ஆனாலே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

எது பரிசு என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அவரிடமே கேளுங்கள், வீட்டாரிடம் கேளுங்கள், சும்மா விட்டால் எதைத் தேடிப் போகிறார் என்று பாருங்கள். ஒருவருக்குப் பழைய பாட்டு, இன்னொருவருக்கு ஜன்னலோர நாற்காலி, வேறொருவருக்குத் தனியாக விடப்படுவதே பெரிய பரிசு.

கண்டுகொள்ளாமல் விடுவதன் எல்லைகள்

ஒரு நடத்தைக்குக் கிடைத்துவந்த பலன் திடீரென நின்றுபோனால், அது குறைவதற்கு முன் சில நேரங்களில் கூடும். 12 முறை கத்தியவர் 25 முறை கத்துவார். கத்திப் பார்த்தவர் கதவை உதைத்துப் பார்ப்பார். இந்தக் கட்டத்தில் இரவு ஷிப்டில் இருக்கும் ஒருவர், தூக்கம் கெடுகிறதே என்று டீயைக் கொடுத்து அடக்கினால், ‘இன்னும் பலமாகச் செய்தால் கிடைக்கும்’ என்பதை நோயாளி கற்றுக்கொள்கிறார். எப்போதாவது ஒருமுறை பலன் தரும் நடத்தை, எப்போதும் பலன் தருவதைவிடப் பிடிவாதமாக நிலைத்து நிற்கும். ஆகவே மூன்று ஷிப்டும், பதிலாளாக வருபவர் உட்பட, ஒத்துக்கொள்ளாத நிலையில் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம். அரைகுறையாகச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது மேல்.

ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டிய மற்றொன்று: தற்கொலை பற்றிய பேச்சையும், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான செயலையும், மற்றொரு நோயாளி தாக்கப்படுவதையும் ‘கவனம் ஈர்க்கிறார்’ என்று விட்டுவிடவே கூடாது. தற்கொலை எண்ணத்தை ஒவ்வொரு முறையும் மதிப்பிட வேண்டும், டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். கையைக் கீறிக்கொள்பவருக்குக் காயத்தைச் சுத்தம் செய்து கட்டுங்கள். அந்த நேரத்தில் அமைதியாக, சுருக்கமாக, கண்டிக்காமல் இருங்கள். நீண்ட உரையாடலையும் பரிவையும் கீறாத நேரங்களில், நேரம் குறித்து, தவறாமல் கொடுங்கள். நடத்தையைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் ஆளைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்ள இந்த ஏற்பாடு உதவும்.

டோக்கன் முறை

நீண்ட நாள் தங்கும் வார்டுகளில், பலரை ஒரே சமயத்தில் உள்ளடக்கும் முறை இது. ஐலானும் நேத்தன் அஸ்ரினும் 1960-களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் அன்னா அரசு மருத்துவமனையில் இதை முறைப்படுத்தினார்கள். குறிப்பிட்ட நல்ல செயலுக்கு உடனுக்குடன் ஒரு டோக்கன். சேர்ந்த டோக்கனைக் கொடுத்து விரும்பியதைப் பெறலாம். பிற்பாடு கோர்டன் பாலும் ராபர்ட் லென்ட்ஸும் அதே மாநிலத்தில், பல ஆண்டுகளாக மருத்துவமனையிலேயே இருந்த நோயாளிகளை 28 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். 1977-இல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, டோக்கனை மையமாகக் கொண்ட கற்றல் திட்டத்தில் இருந்தவர்களில் 97 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வெளியே சென்று சமூகத்தில் நிலைத்தார்கள். வார்டுச் சமூகச் சூழலை மையமாகக் கொண்ட குழுவில் 71 சதவீதம், வழக்கமான மருத்துவமனைக் கவனிப்பில் 45 சதவீதம். இவ்வளவு வலுவான முடிவு கிடைத்த முறை இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் காணாமல் போயிருப்பதற்கு, உழைப்பும் பயிற்சியும் அதிகம் தேவைப்படுவது ஒரு காரணம். தொடக்க காலத்தில் உரிமைகளை மீறி நடத்தப்பட்டது மற்றொரு காரணம்.

இன்று தொடங்க விரும்புவோர் மூன்று நான்கு நடத்தைகளோடு தொடங்கலாம்: காலை 8 மணிக்குள் பல் துலக்குதல், குழுச் செயலில் 20 நிமிடம் இருத்தல், கோபம் வரும்போது அடிக்காமல் ஊழியரிடம் வந்து சொல்லுதல். செயல் முடிந்த சில நொடிகளுக்குள் டோக்கனைக் கையில் கொடுத்து, எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். முதல் வாரத்தில் விலை மலிவாக இருக்க வேண்டும். மிகவும் முடியாத நிலையில் இருப்பவரும் ஒரு நாளில் எதையாவது பெறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் இருமுறை கடையைத் திறங்கள். கொடுத்த டோக்கனை அபராதமாகப் பிடுங்க வேண்டாம். வார்டில் புதிய சண்டைகளுக்கு அதுவே வழியாகும். பீடி, சிகரெட்டைப் பரிசாக வைப்பது பழைய வழக்கம். மருத்துவமனையில் புகைப்பது 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி குற்றம் என்பதோடு, புகை குளோசபின், ஒலான்சபின் ஆகிய மனநோய் மருந்துகளின் ரத்த அளவைக் குறைத்துவிடும் என்பதால் அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

உரிமையாக உள்ளது பரிசாகாது

டோக்கன் கடையில் எதை வைக்கலாம் என்பது நிர்வாகத்தின் விருப்பம் அல்ல. ஐலான் 1963-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிறர் உணவை எடுத்த நோயாளியைச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். எடுக்க முயன்ற ஒவ்வொரு முறையும் அவர் ஒரு வேளை உணவை இழந்தார். நடத்தை விரைவில் நின்றது என்பது உண்மை. ஆனால் இன்று அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அலபாமா மாநில மனநல மருத்துவமனைகள் தொடர்பான வயட் எதிர் ஸ்டிக்னி வழக்கில் 1972-இல் நீதிமன்றம் விதித்த குறைந்தபட்சத் தரங்களுக்குப் பிறகு, உணவு, படுக்கை, தனிமை போன்றவற்றைச் சம்பாதித்துப் பெறும்படி வைப்பதற்கு அமெரிக்காவிலேயே முற்றுப்புள்ளி விழத் தொடங்கியது.

இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-இல். அதன் 20-ஆம் பிரிவு சத்தான உணவு, சுகாதாரம், தனிநபர்த் தூய்மைக்கான பொருள்கள், சொந்த உடை ஆகியவற்றை உரிமை ஆக்குகிறது. வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே வார்டைக் கூட்டிப் பெருக்க வைத்து அதற்கு டோக்கன் கொடுப்பது சிகிச்சை என்ற பெயரில் செய்யப்படும் கூலியில்லா வேலை. பார்வையாளர்களைச் சந்திப்பதும் தொலைபேசியில் பேசுவதும் 26-ஆம் பிரிவின்கீழ் உரிமைகள். ‘கத்தினால் இன்று அம்மாவிடம் போனில் பேச விட மாட்டோம்’ என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. சோப்பும் சீப்பும் கடையில் இருக்கக் கூடாது. முகப் பவுடரும் மல்லிகைப் பூவும் இருக்கலாம். சாப்பாடு இருக்கக் கூடாது. கூடுதல் காபியோ முறுக்கோ இருக்கலாம், சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. டிவியில் எந்தச் சேனல் என்று தீர்மானிக்கும் வாய்ப்பு, தோட்டத்தில் கூடுதல் நடை, விருப்பப் பாட்டு ஆகியவை செலவில்லாத நல்ல பரிசுகள்.

கட்டிவைப்பதும் அடைத்துவைப்பதும் நடத்தைச் சிகிச்சையின் பகுதிகள் அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட கொடுமை தமிழ்நாட்டில் மறக்கப்படக் கூடாதது. இன்றைய சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியைத் தடைசெய்கிறது. 97-ஆம் பிரிவின்படி தனியறையில் அடைப்பதும் கூடாது. பழைய பாடநூல்களில் காணும், சிக்கலாக நடந்தவரைச் சிறிது நேரம் தனியே அடைத்துவைக்கும் ‘டைம் அவுட்’ அறை இதனால் நமக்கு இல்லாமல் போகிறது. உடல்ரீதியாகக் கட்டுப்படுத்துவது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் செய்யப்படலாம்; தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ செய்ய முடியாது, 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் சார்பில் நியமிக்கப்பட்ட பிரதிநிதிக்குத் தெரிவித்தாக வேண்டும்.

திட்டத்தை நோயாளிக்குத் தெரியாமல் நடத்தும் பழக்கமும் விடப்பட வேண்டியது. என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம், அவருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக் கோப்பில் வையுங்கள். சுவரில் ஒட்டுவது அந்தரங்கத்தை மீறுவதாகும்.

அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பவர்கள்

நீண்ட நாள் மனச்சிதைவு உள்ளவர்களில் சிலர் குழாயில் வாய்வைத்து, குளியலறை வாளியில்கூட, லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பார்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பும் மரணமும் நேரலாம். எந்நேரமும் பின்தொடர்ந்து குழாயை மூடுவது சண்டையில்தான் முடியும். எடையை வைத்து நடத்தும் திட்டம் இதற்குச் சிறந்தது. காலையில் வெறும் வயிற்றில் எடை எடுத்து, பிற்பகலிலும் மாலையிலும் மீண்டும் எடுக்க வேண்டும். பகலில் எவ்வளவு எடை கூடினால் ஆபத்து என்பதை ஒவ்வொருவருக்கும் டாக்டர் தீர்மானிப்பார். காலை எடையில் 5 சதவீதம் என்று கோடு வைத்தால், 50 கிலோ உள்ளவருக்கு அது 52.5 கிலோ. கோட்டுக்குள் இருந்தால் உடனே அவர் தேர்ந்தெடுத்த பரிசு. கோட்டைத் தாண்டினால் திட்டாமல் டாக்டரை அழைத்து, சோடியம் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். நோயாளி தானே தராசில் ஏறி எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும்படி செய்தால், கண்காணிப்பு மெல்ல அவர் கைக்கு மாறும். வாய் வறட்சியை உண்டாக்கும் மருந்துகள் உள்ளனவா என்பதையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

குடும்பத்தாரும் வீடு திரும்புதலும்

நம் பொது மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் நோயாளியோடு அம்மாவோ மனைவியோ அண்ணனோ தங்கியிருப்பது வழக்கம். திட்டத்தில் அவர்கள் சேராவிட்டால் அது நான்காவது ஷிப்ட் இல்லாமல் நடக்கும் திட்டம். மகன் கத்தியவுடன் கையிலிருக்கும் பணத்தைக் கொடுத்து அடக்கும் தாயிடம், ‘நீங்கள்தான் கெடுக்கிறீர்கள்’ என்று சொல்வது கொடுமை. பல ஆண்டுகள் தனியாகச் சமாளித்தவர் அவர். குறிப்பு நோட்டை அவரோடு உட்கார்ந்து படித்து, ‘அம்மா, அவர் சும்மா இருக்கும்போது நீங்க போய்ப் பக்கத்துல உட்காருங்க, கத்தும்போது நாங்க பார்த்துக்குறோம்’ என்று ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். அதை அவர் செய்வதைப் பார்த்ததும் பாராட்டுங்கள். நல்ல செயலுக்குப் பலன் கொடுத்து அதை வலுவாக்குவது நோயாளிகளுக்கு மட்டும் உரியதல்ல.

வாரத்துக்கு ஒருமுறை வரைபடத்தைப் பாருங்கள். இரண்டு வாரம் ஒழுங்காக நடத்தியும் கோடு இறங்கவில்லை என்றால், முதலில் திட்டம் எழுதியபடி நடந்ததா என்று சரிபாருங்கள். நடந்திருந்தால், காரணத்தைப் பற்றிய நம் கணிப்பு தவறு என்று கொண்டு குறிப்பு நோட்டுக்குத் திரும்புங்கள். கோடு இறங்கியிருந்தால் டோக்கனையும் நேரக் கணக்கையும் படிப்படியாகத் தளர்த்தி, வீட்டில் இயல்பாகக் கிடைக்கக்கூடிய பேச்சு, பாராட்டு, சேர்ந்து டீ குடித்தல் போன்றவற்றுக்கு மாற்றுங்கள். வீட்டில் டோக்கன் கடை இருக்காது. அனுப்பும் நாளில் மருந்துச் சீட்டோடு, எந்தச் சூழலில் பழைய நடத்தை தலைகாட்டும், அப்போது யார் என்ன செய்வது, எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முதல் மறுபார்வைக்கான தேதியையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.